முதலில் முகத்துவாரம்: வெண்ணாற்றின் கீழ்ப்பகுதி பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

2018 ஆகஸ்டில் மேட்டூர் அணை நிரம்பி, வினாடிக்கு இரண்டு லட்சம் கன அடி அளவுக்குத் தண்ணீர் கீழே இறங்கியது. கொள்ளிடம் இரு கரையும் தொட்டு ஓடி, வந்ததில் பெரும்பகுதியைக் கடலில் சேர்த்தது. அதே வாரங்களில் டெல்டாவின் கடைமடையில், அதாவது பாசனத்தின் கடைசி முனையில், தண்ணீர் எட்டவில்லை என்று விவசாயிகள் போராடிக்கொண்டிருந்தார்கள். செய்தியில் படித்தவர்கள் இதென்ன கூத்து என்றார்கள். கடைமடைக்காரர்களுக்கு அதில் வியப்பு ஒன்றும் இருக்கவில்லை. ஆகஸ்டில் தண்ணீர் வராத அதே வயலில்தான் நவம்பரில் தண்ணீர் வடியாமல் சம்பாப் பயிர் அழுகும்.

இந்த இரண்டு புகாரையும் தனித்தனிக் கோப்பாக வைத்துப் பார்ப்பதே வழக்கம். முதலாவது பாசனப் பிரச்சினை, அதற்குத் தூர்வாருதல். அடுத்தது வெள்ளப் பிரச்சினை, அதற்கு நிவாரணம். இங்கே இரண்டையும் ஒரே கோளாறாக எடுத்துக்கொள்கிறேன். ஆய்வுக்கு எடுத்த இடம் காவிரியின் கிளையான வெண்ணாற்றின் கீழ்ப்பகுதி: நீடாமங்கலத்தில் தொடங்கி, முத்துப்பேட்டைக் காயலும் வேதாரண்யம் கால்வாயும் வரை. திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களின் தெற்குப் பாதி என்று சொல்லலாம்.

தண்ணீர் போகும் வழி

கல்லணையில் நீர் நான்காகப் பிரிகிறது: காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம். முதல் மூன்றும் பாசனத்துக்கு. கொள்ளிடம் பெரும்பாலும் வெள்ளத்துக்கு. வெண்ணாறு தென்பெரம்பூரில் வெட்டாற்றைப் பிரித்து விட்டுவிட்டு, நீடாமங்கலம் அருகே மூணாறு தலைப்புக்கு, அதாவது ஆறு கிளை பிரிகிற இடத்துக்கு, வருகிறது. அங்கே பாமணியாறு, கோரையாறு, வெண்ணாறு என மூன்று கை. அதற்குக் கீழே வெள்ளையாறு, பாண்டவையாறு, அரிச்சந்திரா நதி, அடப்பாறு, முள்ளியாறு, மரக்கா கோரையாறு என்று கிளை பிரிந்துகொண்டே போகும். பாமணியாறும் கோரையாறும் முத்துப்பேட்டைக் காயலில் முடிகின்றன. வெள்ளையாறு வேளாங்கண்ணியில் கடலைத் தொடுகிறது. அரிச்சந்திரா நதியும் அடப்பாறும் வேதாரண்யம் கால்வாயில் போய் விழுந்து, அதன் வழியாகக் கடலைத் தேட வேண்டும்.

இந்த அமைப்பில் ஒரு அடிப்படைச் சிக்கல் இருக்கிறது. பாசன ஆறு கீழே போகப் போகச் சுருங்கும். தலைமடையில் இவ்வளவு, நடுவில் இவ்வளவு என்று எடுத்துக்கொண்ட பிறகு, கடைசி மதகுக்கு மிஞ்சுகிற நீர் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்துக்கு ஏற்ற அகலமே அங்கே இருக்கும். மழைக்காலத்தில் கணக்கு மாறிவிடும். அப்போது யாருக்கும் தண்ணீர் வேண்டாம். ஒவ்வொரு வயலும் வெளியே தள்ளும். மேலிருந்து வரும் வடிநீர் அவ்வளவும் கீழே சேரச் சேர, கடைமடையில்தான் அகலமான வழி தேவை. அங்கே இருப்பதோ ஆகக் குறுகிய வழி. டெல்டாவில் தலைமடைக்கு வடிகாலாக இருக்கிற வாய்க்கால் பல இடங்களில் கீழே இருப்பவனுக்குப் பாசன வாய்க்கால். ஒரே பள்ளம் இரண்டு வேலை செய்கிறது. அது வெட்டப்பட்ட அளவு இரண்டு வேலைகளில் சின்னதற்கு.

எண்ணில் சொன்னால் இன்னும் விளங்கும். ஒரு லட்சம் ஏக்கரில் ஒரே நாளில் 10 செ.மீ. மழை விழுந்தால், அது சுமார் 1.4 டிஎம்சி தண்ணீர் (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி). பயிர் தப்ப மூன்று நாளில் வடிக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், மூன்று நாளும் இரவு பகலாக வினாடிக்கு ஐயாயிரத்து ஐந்நூறு கன அடி ஓடியாக வேண்டும். மேலிருந்து ஆற்றில் ஒரு சொட்டும் வராதபோதே இவ்வளவு. 10 செ.மீ. என்பது அந்தப் பக்கத்து நவம்பருக்குப் பெரிய மழையும் இல்லை. 2008 நவம்பரில் நிஷா புயலின்போது ஒரத்தநாட்டில் ஒரே நாளில் சுமார் 66 செ.மீ. கொட்டியது. 2022 நவம்பரில் சீர்காழியில் சுமார் 44 செ.மீ.

அணைகளும் ஆற்றின் தரையும்

ஆறு எப்படி இந்த நிலைக்கு வந்தது என்பதைக் கல்லணையிலிருந்தே பார்க்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரியின் தலைப்பில் மணல் மேடிட்டு, தண்ணீர் கொள்ளிடத்துக்கே போய்க்கொண்டிருந்தது. கொள்ளிடம் சரிவு அதிகமான, நேரான பாதை. தண்ணீர் அதைத்தான் விரும்பும். 1804இல் கால்டுவெல் என்ற பொறியாளர் கல்லணையின் மேல்மட்டத்தை 27 அங்குலம் உயர்த்தச் சொன்னார். அது போதவில்லை. 1836இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டினார். கீழே அணைக்கரையில் கீழணையும் அதே காலத்தில் வந்தது. தஞ்சைப் பாசனம் உயிர் பெற்றது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் சில ஆண்டுகளிலேயே ஆறு பதில் சொன்னது. வழக்கத்தைவிட அதிகத் தண்ணீர் வந்ததால் காவிரியின் தரை அரித்துத் தாழத் தொடங்கியது. 1840களில் மேலணையின் ஒரு பகுதியைத் தாழ்த்தி, காவிரித் தலைப்பின் குறுக்கே தரைமட்டச் சுவர் போட வேண்டியதாயிற்று. ஓர் இடத்தில் கை வைத்தால் ஆறு இன்னோர் இடத்தில் தன் சரிவைச் சரிசெய்துகொள்ளும். அதற்காக அங்கே இன்னொரு கட்டுமானம் வரும். இது அன்றைக்கே தெரிந்துபோன சங்கதி.

1880களில் கல்லணையில் காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் கதவணைகள் வந்தன. அதன்பின் டெல்டா ஆறுகளுக்குள் எவ்வளவு வெள்ளம் நுழையலாம் என்பதை மனிதன் முடிவு செய்தான். 1934இல் மேட்டூர் அணை. முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. ஜூன் 12 திறப்பு, ஜனவரி 28 மூடல் என்ற நாட்காட்டி அதனோடு வந்தது. கல்லணைக் கால்வாயும் அதே ஆண்டில்தான் பயன்பாட்டுக்கு வந்தது.

மேட்டூர் செய்த நன்மை எல்லோருக்கும் தெரியும். அது நிறுத்தி வைத்ததில் இரண்டு பொருள் முக்கியம். ஒன்று வண்டல். புது மண் அணைக்குள்ளேயே தங்கியது, கடலோரத்துக்குப் போய்ச் சேர வேண்டியது குறைந்தது. இரண்டாவது, ஆற்றைக் கழுவிவிடும் வெள்ளம். வெண்ணாற்றுக் கிளைகளில் இப்போது ஓடுவது முறை வைத்துத் திறக்கும், ஏறக்குறைய ஒரே மட்டத்து நீர். அப்புறம் சில மாதம் வறண்ட தரை. இந்த ஓட்டம் களையை அசைக்காது, கரையோரத்து மண்ணை நகர்த்தாது, முகத்துவாரத்தை உடைக்காது. ஆகாயத்தாமரைக்கும் நெய்வேலிக் காட்டாமணக்குக்கும் இதைவிட வசதியான வீடு கிடையாது. வெள்ளம் வராது என்று நம்பிக்கை வந்ததும் ஆற்றுப் படுகையும் சாகுபடிக்குள் வந்தது, சில இடங்களில் வீடும் வந்தது. கரைக்கும் கரைக்கும் நடுவில் ஆறு விரிந்து படுக்க இருந்த இடம் போனது.

மணல் அள்ளியதையும் இங்கேயே சேர்த்துவிடலாம். கொள்ளிடத்திலும் காவிரியிலும் அளவு மீறி எடுத்த மணல் ஆற்றின் தரையைத் தாழ்த்தியது. தரை தாழ்ந்தால் கிளை வாய்க்காலின் தலைப்பு உயரத்தில் நின்றுவிடும், ஆற்றில் தண்ணீர் ஓடும், வாய்க்காலில் ஏறாது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் திருச்சியில் 1928ஆம் ஆண்டுப் பழைய கொள்ளிடம் இரும்புப் பாலம் இடிந்ததும், ஆகஸ்ட் 22 அன்று முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். வயதான கட்டுமானம் என்பது ஒரு காரணம். காலடி மண் நிலையில்லாத ஆற்றில் எந்தக் கட்டுமானத்துக்கும் வயது சீக்கிரம் கூடும்.

கடல் வாங்காத தண்ணீர்

வடிகால் கடைசியில் கடலுக்குத்தான் போக வேண்டும். தலைஞாயிறு, வேதாரண்யம், முத்துப்பேட்டைப் பக்கத்தில் நிலம் கடல் மட்டத்துக்குச் சில அடி மட்டுமே மேலே. சரிவு கிட்டத்தட்ட இல்லை. வடகிழக்குப் பருவத்தில் இந்தக் கரையில் கடல் மட்டமே மற்ற மாதங்களைவிட உயர்ந்திருக்கும். வங்கக் கடலின் நீரோட்டமும் காற்றும் அப்படி. ஓதத்தின், அதாவது கடல் நாள்தோறும் ஏறி இறங்குவதன், அளவு இங்கே ஒரு மீட்டருக்கும் குறைவு. வயலுக்கும் கடலுக்கும் உள்ள வித்தியாசமே அவ்வளவுதான் என்கிறபோது அந்த ஒரு மீட்டர் பெரிய விஷயம். ஆக, மழை அதிகம் பெய்கிற மாதமும் கடல் உயர்ந்து நிற்கிற மாதமும் ஒன்று. தண்ணீர் வடிவதற்கு ஒரு நாளில் சில மணி நேரம்தான் கிடைக்கும். அந்த நேரத்தில் முகத்துவாரம் திறந்திருக்க வேண்டும், கடைமடை ரெகுலேட்டரின் (ஆற்றின் குறுக்கே உள்ள கதவணையின்) ஷட்டர் உயர்ந்திருக்க வேண்டும், வாய்க்காலில் ஆகாயத்தாமரை அடைத்திருக்கக் கூடாது. மூன்றில் ஒன்று தவறினாலும் அந்த நாள் போச்சு.

முகத்துவாரம் அடைவதற்குக் காரணம் ஆற்றின் மேல்பகுதியில் இருக்கிறது. ஆற்றில் ஓட்டம் இல்லாத மாதங்களில் அலை மணலைக் கொண்டுவந்து வாயில் போடும். முன்பு ஆடி வெள்ளமோ ஐப்பசி வெள்ளமோ அதை அறுத்துக்கொண்டு போயிருக்கும். இப்போது அந்த வேகம் இல்லை, மணல்திட்டு தங்கிவிடுகிறது.

வேதாரண்யம் கால்வாய் தனிக் கதை. பிரிட்டிஷ் காலத்தில் வேதாரண்யத்து உப்பைப் படகில் நாகப்பட்டினம் கொண்டுபோக வெட்டியது. கரைக்கு இணையாக வடக்கு தெற்காக ஓடுகிறது. ஆறுகள் வருவதோ மேற்கிலிருந்து கிழக்கே. படகுப் போக்குவரத்து நின்ற பிறகு கால்வாய் மண்மேடிட்டுப் போனது. கிழக்கே போக வேண்டிய வெள்ளம் அதில் விழுந்து, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் பக்கத்து வயல்களில் ஏறுகிறது. வெள்ளத்தை நேராகக் கடலுக்குக் கொண்டுபோக நேர்வெட்டு வெட்டினார்கள். அதன் வாயும் மணலுக்குத் தப்பவில்லை.

1990களில் இறால் பண்ணைகள் வந்தன. கடலோர வடிகால்களின் குறுக்கே கரை போட்டுக் குளம் கட்டினார்கள். உப்பு நீரை உள்ளே இழுத்தார்கள், கழிவை வாய்க்காலில் விட்டார்கள். 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஜெகந்நாதன் வழக்கில் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த இறால் குளங்களை அகற்றச் சொன்னது. 2005இல் தனிச் சட்டம் வந்து பண்ணைகளைப் பதிவுக்குக் கீழ் கொண்டுவந்தது. அடைபட்ட வடிகால் எல்லாம் அதனால் திரும்பத் திறந்துவிடவில்லை.

பயிரின் பக்கமும் கொஞ்சம் பார்க்கலாம். நவம்பரில் சம்பா நாற்று சிறிது. குட்டை ரகங்கள் சில நாள் முழுகினாலே போய்விடும். வெள்ளம் தாங்கும் சி.ஆர்.1009 சப்-1 போன்ற ரகம் ஏறக்குறைய இரண்டு வாரம் தாக்குப்பிடிக்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் ஆறு செய்ய வேண்டிய வேலையைப் பயிர் தலையில் கட்டுகிறோம் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

கிலோமீட்டர் கணக்கு

இதற்கெல்லாம் ஆண்டுதோறும் வருகிற பதில் தூர்வாருதல். 2021இல் டெல்டா மாவட்டங்களில் 65.11 கோடி ரூபாயில் 4,061 கி.மீ. தூர்வாரப்படும் என்று அரசு அறிவித்தது. 2022இல் 80 கோடி, 4,964 கி.மீ. வகுத்துப் பார்த்தால் இரண்டு ஆண்டும் கிலோமீட்டருக்கு ஒரு லட்சத்து அறுபதாயிரம் ரூபாய் அளவில் வருகிறது. ஆறும் வாய்க்காலும் வடிகாலும் கலந்த சராசரி இது, எனவே ஓர் இடத்தின் வேலையை இதை வைத்துத் தீர்ப்பிட முடியாது. ஆனாலும் இந்தத் தொகையில் என்ன ஆகும், என்ன ஆகாது என்று ஊகிக்கலாம். களை எடுக்கலாம், மேல்மண்ணை வழித்துக் கரையில் போடலாம். மட்டம் எடுத்து, பழைய அளவுக்கு வெட்டி, எடுத்த மண்ணை வெளியே கொண்டுபோய், கரையை இறுக்கி, மதகைச் சரிசெய்வதெல்லாம் இதற்குள் அடங்காது.

கரையில் போட்ட மண் முதல் மழையில் திரும்ப உள்ளே வரும். பொக்லைன் ஓட்டுபவருக்குக் கொடுப்பது நீளம், மட்டம் கொடுப்பதில்லை. ஓர் இடத்தில் தரை தேவைக்கு மேல் ஆழமாகும், அடுத்த இடத்தில் மேடு நிற்கும். பள்ளத்தில் தண்ணீர் தேங்கும், மேட்டில் தட்டி நிற்கும். ஆற்றின் தரை மதகின் அடிமட்டத்துக்குக் கீழே போய்விட்டால் மணல் அள்ளிய ஆற்றில் வரும் அதே தொல்லை, இந்த முறை அரசுச் செலவில். கரையோரத்து நாணலும் கோரையும் மரமும் போனால் கரை இளகும். வளைவை நேராக்கினால் தண்ணீர் வேகமாகக் கீழே போய், ஏற்கெனவே இடமில்லாத கடைமடையில் ஒரே நேரத்தில் குவியும்.

காலமும் ஒத்துவராது. வேலை ஏப்ரலில் தொடங்கி ஜூன் 12க்குள் முடிய வேண்டும். 2022இல் மேட்டூர் மே 24 அன்றே திறந்தது. வழக்கமாகத் தலைமடையில் முடிந்துவிட்ட வேலை கடைமடையில் பாதியில் இருக்கும்போது தண்ணீர் வந்துவிடும். தண்ணீர் வந்த பிறகு எவ்வளவு ஆழம் வெட்டினார்கள் என்று யாரும் அளக்க முடியாது. இதை ஊழல் என்று மட்டும் சொல்லி முடித்துவிடுவது சுலபம். நேர்மையான ஒப்பந்தக்காரர் செய்தாலும் இந்த முறையில் ஆறு மீளாது என்பதே என் முடிவு.

குடிமராமத்தையும் இங்கே நினைக்கிறவர்கள் உண்டு. ஊரார் சேர்ந்து வாய்க்காலைப் பராமரித்த வழக்கம். 1858இல் சென்னை மாகாணம் அதைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது, 2017இல் தமிழ்நாடு அரசு அதே பெயரில் திட்டம் போட்டது. சின்ன வாய்க்காலுக்கு அது சரியான வழி. அடப்பாற்றின் முகத்துவாரத்தை ஒரு ஊர் திறக்க முடியாது.

வெண்ணாறு திட்டம்

கீழ்ப்பகுதியை ஒரே அலகாகப் பார்த்த முயற்சி ஒன்று உண்டு. 2016இல் ஆசிய வளர்ச்சி வங்கி 10 கோடி டாலர் கடன் ஒப்புக்கொண்ட, வெண்ணாறு உபவடிநிலத்துக்கான காலநிலைத் தகவமைப்புத் திட்டம். அரிச்சந்திரா நதி, அடப்பாறு, பாண்டவையாறு, வெள்ளையாறு, வளவனாறு வடிகால், வேதாரண்யம் கால்வாய் ஆகிய ஆறு நீர்வழிகளும் அதில் சேர்ந்தன. சுமார் 235 கி.மீ. நீளத்துக்குக் கரைகளைப் பலப்படுத்துவது, ரெகுலேட்டர்களையும் மதகுகளையும் புதுப்பிப்பது அல்லது திரும்பக் கட்டுவது, கடைமடை இறவைப் பாசன நிலையங்களைச் சரிசெய்வது என்று வேலைப் பட்டியல்.

இதில் எனக்குப் பிடித்தது தேர்வு செய்த இடம். ஒரு வடிகாலும் உப்புக் கால்வாயும் இதில் ஆறுகளுக்குச் சமமாக உட்கார்ந்தன. கடல் மட்டம் உயர்வதையும் பெருமழை கூடுவதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு வடிவமைத்தார்கள். துருப்பிடித்து உறைந்த ஷட்டரைத் தூக்க முடியாமல் திண்டாடிய லஸ்கருக்கு (மதகை இயக்கும் ஊழியருக்கு), இயங்குகிற கதவு கிடைப்பதே பெரிய முன்னேற்றம்.

பிடிக்காததும் இருக்கிறது. கரையை உயர்த்துவது ஆற்று வெள்ளம் வயலுக்குள் வராமல் தடுக்கும். வயலில் பெய்த மழை ஆற்றுக்குள் போவதையும் அதே கரை தடுக்கும். கரையின் இரு பக்கமும் வடிகால் மதகு போதிய அளவில் இல்லாவிட்டால், பாதுகாத்த நிலமே தேங்கி நிற்கும். ஆற்றுக்கு அகலம் கொடுப்பதை விட்டு உயரம் கொடுக்கிற பழைய பழக்கம் இந்தத் திட்டத்திலும் தொடர்ந்தது. முகத்துவாரம், காயல், சதுப்பு நிலம் ஆகியவற்றை ஆற்றின் பகுதியாக எடுத்துக்கொள்ளாமல், கட்டுமானம் முடிகிற இடத்தில் ஆறும் முடிந்துவிட்டதாக வைத்துக்கொண்டார்கள்.

கல்லணைக் கால்வாயில் தரைக்கும் கான்கிரீட் போடுகிற வேலை வந்தபோது விவசாயிகள் எதிர்த்ததும் இதோடு சேர்ந்ததுதான். தண்ணீர் தரையில் இறங்காவிட்டால் கரையோரக் கிணறும் குளமும் என்ன ஆகும் என்று கேட்டார்கள். கடைமடைக்கு வேகமாகத் தண்ணீர் போகும் என்பது பொறியாளர்களின் பதில். இரண்டும் உண்மை. வெண்ணாற்றுக் கடலோரத்தில் நிலத்தடி நீர் ஏற்கெனவே உவர். ஆற்றிலிருந்து இறங்குகிற நன்னீர்தான் அந்த உவரைத் தள்ளி வைக்கிறது, எனவே இங்கே அந்தப் பதில் எனக்குப் போதாது.

முத்துப்பேட்டையில் நடந்தது

மீட்பு என்ற சொல்லுக்கு உண்மையாகவே தகுதியான வேலை இந்த வட்டாரத்தில் ஒன்று நடந்திருக்கிறது. ஆற்றில் அல்ல, ஆறு முடிகிற அலையாத்திக் காட்டில்.

முத்துப்பேட்டை அலையாத்திக் காடு கோடியக்கரையையும் சேர்த்த ஈரநிலத்தின் பகுதி. 2002இல், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் ஏறியது. பிரிட்டிஷ் காலத்திலிருந்து பல பத்தாண்டு இந்தக் காட்டைப் பத்தி பத்தியாக முழுவதுமாக வெட்டி விறகுக்கு விற்றார்கள். வெட்டினால் தானாக முளைத்துவிடும் என்பது கணக்கு. முளைக்கவில்லை. நிழல் போனதும் சேற்றின் ஈரம் ஆவியாகி, மண்ணில் இருந்த இலைதழைப் பொருள் சிதைந்து, தரை அமுங்கியது. வெட்டிய இடம் தட்டுப் போலக் குழிந்தது. ஓதம் ஏறும்போது கடல் நீர் உள்ளே வந்து, இறங்கும்போது வெளியேற வழியில்லாமல் தேங்கியது. வெயிலில் காய்ந்து உப்பு ஏறிக்கொண்டே போனது. கடைசியில் உப்பைத் தாங்கும் உமரிச் செடி தவிர வேறொன்றும் நிற்கவில்லை. மக்கள் ஆடுமாடு மேய்த்தும் விறகு வெட்டியும் காட்டை அழித்தார்கள் என்றே நெடுநாள் பேச்சு இருந்தது. கோளாறு தண்ணீரின் போக்கில் இருந்தது என்பது பிறகுதான் புரிந்தது.

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களோடு சேர்ந்து எடுத்த வழி எளிமையானது. இயற்கையான கழியிலிருந்து (கடல் நீர் வந்து போகும் ஓடையிலிருந்து) சாய்வாக ஒரு முதன்மை வாய்க்கால், அதிலிருந்து இரு பக்கமும் சாய்வாகச் சிறு வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன் முள். ஓதம் உள்ளே வந்து அன்றே வெளியேறும். தேக்கம் போனதும் உப்பு குறைந்தது. வாய்க்கால் ஓரங்களில் அலையாத்திக் கன்றுகள் நட்டார்கள், விதைகள் ஓதத்தோடு தானாகவும் வந்து முளைத்தன. முத்துப்பேட்டை மீனவர்களுக்கு இது முற்றிலும் புதிதல்ல. காட்டுக்குள் வாய்க்கால் வெட்டி மீன் பிடிக்கும் வழக்கம் அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது, அந்த வாய்க்கால் கரைகளில் மரம் தழைப்பதையும் அவர்கள் கண்டிருந்தார்கள்.

முதலில் மட்டம் பார்த்தார்கள், தண்ணீர் வெளியேறும் வழியை முடிவு செய்தார்கள், மரத்தை அப்புறம் நினைத்தார்கள். இந்த வரிசைதான் முக்கியம்.

இதிலும் குறை உண்டு. சிறு வாய்க்கால்கள் சில ஆண்டில் சேறு மூடிவிடும், திரும்பத் திரும்ப வெட்ட வேண்டும். கஜா புயல் 2018 நவம்பர் 16 அன்று இந்தக் கரையில் ஏறியபோது காடு கடுமையாக அடிபட்டது. அதைவிட ஆழமான சிக்கல் நன்னீர். காயலுக்கு ஆற்று நீர் தாராளமாக வருவது பருவமழை மாதங்களில் மட்டும். மற்ற மாதங்களில் பாமணியாறும் கோரையாறும் வெறும் கையோடு வந்து சேர்கின்றன. காட்டுக்குள் வாய்க்கால் வெட்டி ஓதத்தைச் சரிசெய்யலாம், மேலே மூணாறு தலைப்பில் ஷட்டர் மூடியிருப்பதைச் சரிசெய்ய முடியாது.

வெளியூர் உதாரணம், ஓர் எச்சரிக்கையோடு

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கிஸ்ஸிமி என்ற ஆறு. வளைந்து வளைந்து 166 கி.மீ. ஓடியதை வெள்ளத் தடுப்புக்காக 1962 முதல் 1971 வரை நேராக வெட்டி, 90 கி.மீ. கால்வாய் ஆக்கினார்கள். சதுப்பு வற்றியது, பறவை போனது, மீன் போனது. 1999இல் தொடங்கி 2021 வரை கால்வாயின் நடுப்பகுதியை மண் போட்டு மூடி, பழைய வளைவுகளில் தண்ணீரைத் திருப்பினார்கள். கெடுக்கப் பத்தாண்டுக்கும் குறைவு, திருத்த இருபதாண்டுக்கு மேல்.

இதைக் காட்டி இங்கேயும் அப்படிச் செய்யலாம் என்று எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அங்கே ஆற்றோர நிலம் பெரும்பாலும் பண்ணை மேய்ச்சல். அரசு விலைக்கு வாங்கியது. இங்கே அடப்பாற்றங்கரையில் ஒரு ஏக்கர், அரை ஏக்கர் வைத்திருப்பவரிடம் ஆற்றுக்கு இடம் விடச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் புறம்போக்குப் படுகை, கைவிட்ட உப்பளம், கைவிட்ட இறால் குளம், பயனில்லாத பழைய வடிகால் கிளை ஆகியவை யாருடைய வயலும் அல்ல. வெள்ளத்துக்கு ஓரிரு நாள் படுக்க இடம் வேண்டுமானால் தேடல் அங்கேதான் தொடங்க வேண்டும்.

வரிசையை மாற்றினால்

வெண்ணாற்றின் கீழ்ப்பகுதிக்கு நான் சொல்லும் வரிசை இது. முதலில் முகத்துவாரங்களும் வேதாரண்யம் கால்வாயும் நேர்வெட்டும். ஐப்பசி பிறப்பதற்குள் அவை திறந்திருக்க வேண்டும், ஒவ்வோர் ஆண்டும். அது திட்டச் செலவில் வராது, பராமரிப்புச் செலவில் நிரந்தரமாக இருக்க வேண்டும். அடுத்தது கடைமடை ரெகுலேட்டர்களிலிருந்து மேல்நோக்கி மட்ட அளவை. ஒவ்வொரு மதகின் அடிமட்டமும், அதன் மேலும் கீழும் ஆற்றின் தரைமட்டமும் ஒரே அளவுகோலில் எழுதி, ஊர் பார்க்கும்படி மதகிலேயே பெயிண்டால் குறித்து வைத்தால், பொக்லைன் எவ்வளவு வெட்ட வேண்டும் என்பதில் சண்டைக்கு இடமில்லை. தரை தாழ்ந்துவிட்ட இடத்தில் சிறு படுகை அணை போடலாம், 1840களில் காவிரித் தலைப்பில் செய்ததைப் போல. அதன் பிறகுதான் நடு ஆறும் தலைமடையும். தூர்வாரும்போது ஒரு கரையை மட்டும் தொட்டு, மறு கரையின் நாணலை விட்டுவைப்பதற்குக் கூடுதல் செலவே கிடையாது.

ஷட்டர் விஷயமும் மிச்சம் இருக்கிறது. கடல்முக ரெகுலேட்டரைக் கோடையில் மூடாவிட்டால் உப்பு நீர் ஏறும், மழையில் திறக்காவிட்டால் பயிர் முழுகும். எப்போது தூக்குவது என்பது ஓதத்தையும் வானிலை எச்சரிக்கையையும் மேலே திறக்கும் நீரையும் சேர்த்துப் பார்த்து எடுக்க வேண்டிய முடிவு. மூணாறு தலைப்பில் மழைக்கு முன்பே தண்ணீரைக் குறைத்துவிட்டால் கீழே ஆறு காலியாக நின்று வயல் நீரை வாங்கிக்கொள்ளும். இரவு இரண்டு மணிக்கு ஓதம் இறங்குகிறது என்றால் அந்த நேரத்தில் தூக்க ஆள் வேண்டும். பல ரெகுலேட்டர்களுக்கு ஒரு லஸ்கர் என்ற நிலையில் அது நடக்காது. கடைமடைக் கிராமங்களில் வெள்ளக் காலத்துக்கு மட்டும் உள்ளூர் ஆட்களைக் கூலி கொடுத்து நிறுத்துவது பெரிய செலவில்லை.

கணக்கையும் மாற்ற வேண்டும். இத்தனை கிலோமீட்டர், இத்தனை கோடி என்பதை விட்டுவிட்டு, மழை நின்ற பிறகு எந்த வருவாய்க் கிராமத்தில் எத்தனை நாள் தண்ணீர் நின்றது என்று கிராம நிர்வாக அலுவலர் குறித்துக்கொண்டால் போதும். பயிர்ச் சேதக் கணக்கெடுப்புக்காக அவர் எப்படியும் அந்த வயல்களுக்குப் போகிறார். படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் கூடுதலாகப் போட வேண்டும், அவ்வளவுதான். ஐந்து பருவமழைக்கு அந்த எண் இருந்தால், எந்த முகத்துவாரத்துக்கு முதலில் பணம் ஒதுக்குவது என்பதற்குக் கூட்டம் போட வேண்டியிருக்காது.